மூன்று வருட ஒப்பந்தமும் கொரியத் தாதிமாரும்

1963ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 16ஆந் திகதி மேற்கு ஜேர்மனிக்கும் தென்கொரியாவுக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ரூர்ப் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களில் கொரியத் தொழிலாளரைத் தற்காலிகமாக அமர்த்துதல் பற்றியது அது. அவ்வேற்பாட்டின் நோக்கம் யாதெனக் கேட்டால், கொரியச் சுரங்கத் தொழிலாளரின் தொழிலறிவை விரிவுபடுத்திச் செம்மை செய்வதென்று பத்திரம் விடை கூறிற்று. பின்தங்கிய நாடொன்றுக்குச் செய்யப்படும் தொழில்நுட்ப உதவியாகவே அது உலகின் முன் வைக்கப்பட்டது. மூன்று வருடம் கற்றல், பின்னர் ஊர் திரும்பிக் கற்றதைப் பயன்படுத்தல் என்பது ஏற்பாடு.

கற்பதற்கென அழைத்து வேலை வாங்குவதும், வேலைக்கு வந்தவன் உண்மையிலேயே கற்க முற்பட்டால் அவனது அனுமதிப் பத்திரத்தின் திகதியைச் சுட்டிக்காட்டுவதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம். தற்காலிகத் தொழில் விசாவில் அந்நிய நாடுகளில் வாழும் இலட்சக்கணக்கானோரை இன்று வாட்டும் கேள்விகள் மூன்று: வேலை செய்துகொண்டே படிக்கலாமா, படித்தால் விசா என்னவாகும், படித்தபின் அங்கேயே தங்க உரிமையுண்டா? இவற்றுக்கு விடை தேடுவோர் சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினாற் போதாது. சட்டத்தில் இன்று காணப்படும் சில வரிகள் எவ்வாறு அங்கு ஏறின என்பதையும் அறிய வேண்டும். கொரியத் தாதிமாரின் கதை அதற்கு உதவும்.

அக்காலத்து மேற்கு ஜேர்மனியின் நிலையை முதலில் நோக்குவோம். யுத்தத்தில் இடிந்த நாடு விரைவாக எழுந்துகொண்டிருந்தது. 1955இல் இத்தாலியுடனும், 1960இல் ஸ்பெயின், கிரேக்கம் ஆகிய நாடுகளுடனும், 1961இல் துருக்கியுடனும் தொழிலாளரைத் தருவிக்கும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. 1961 ஆகஸ்டில் பேர்லின் மதில் எழுந்ததும் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த உழைப்பாளரின் வரவு நின்றுபோயிற்று. நிலக்கரித் தொழிலோ அந்த ஐம்பதுகளின் இறுதியிலிருந்தே சுருங்கத் தொடங்கியிருந்தது. எனினும் நிலத்தின் அடியில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. வெளியே வெளிச்சமும் நல்ல சம்பளமும் உள்ள தொழிற்சாலைகள் இருக்கையில் ஜேர்மன் இளைஞன் ஏன் குழிக்குள் இறங்க வேண்டும்?

மறுபுறத்தில் தென்கொரியா. 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்நாட்டைச் சாம்பலாக்கியிருந்தது. 1961 மே மாதத்தில் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. வேலையற்ற படித்த இளைஞர் கூட்டத்தை எங்கேனும் அனுப்பவும் வேண்டியிருந்தது. 1961 டிசெம்பரில் மேற்கு ஜேர்மனி 15 கோடி மார்க் கடனுதவிக்கு இணங்கிற்று. தொழிலாளரின் சம்பளமே இக்கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டதென்று கொரியாவிற் பல்லாண்டு காலம் ஒரு கதை வழங்கி வந்தது. 2008இல் அந்நாட்டு உண்மை ஆணைக்குழு ஆராய்ந்து, அது உண்மையன்று என முடிவு கூறியது. ஆயினும் அக்கதை மக்கள் மனதில் நிலைத்ததற்குக் காரணமுண்டு. தம்மை யாரோ அடகு வைத்துவிட்டார்கள் என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. அவ்வுணர்வை எந்த ஆணைக்குழுவாலும் பொய்யென்று கூற முடியாது.

சுரங்க வேலைக்கு விண்ணப்பித்தோர் தொகை இடங்களின் தொகையைப் பன்மடங்கு விஞ்சியது. அனுபவமுள்ள சுரங்கத் தொழிலாளர் என்பதே தகைமை. ஆனால் தெரிவானோரில் உயர்தரப் பாடசாலைக் கல்வி முடித்தோரும் பல்கலைக்கழகம் சென்றோரும் இருந்தனர். சுரங்கத்தின் வாயையே காணாத பலர் பொய்ச் சான்றிதழ் பெற்றுச் சென்றனர். மிருதுவான கை காட்டிக்கொடுத்துவிடுமென அஞ்சிக் கரித்துண்டை உள்ளங்கையில் தேய்த்துக் காய்ப்பேற்றியவர்களின் கதைகள் இன்றும் கூறப்படுகின்றன. படிப்பை மறைத்தால்தான் படிக்கச் செல்லலாம் என்றிருந்தது அன்றைய நிலை. முதற் குழுவினரான 123 பேர் 1963 டிசெம்பர் முடிவதற்குள் ஜேர்மன் மண்ணில் இறங்கினர். 1977 வரை ஏறக்குறைய 8,000 பேர் சென்றனர்.

கைச்சாத்திட்டபடி அவர்கள் மூன்று வருடம் நிலத்தடியில் வேலை செய்ய வேண்டும். வேலையையோ முதலாளியையோ மாற்ற இடமில்லை. குடும்பத்தை அழைக்க இடமில்லை. இங்கே ஓர் ஒப்புநோக்கு பயன்படும். 1961இல் துருக்கியருக்கும் இரண்டு வருட வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. ஆளை மாற்றி ஆள் கொணரும் சுழற்சி முறை என்று அதற்குப் பெயர். 1964இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. மனிதாபிமானத்தால் அன்று, பழக்கிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவனைப் பழக்குவது நட்டமென்று ஜேர்மன் முதலாளிமார் முறையிட்டதனால். தூரத்துக் கொரியருக்கு அச்சலுகை கிட்டவில்லை. அவர்கள் 'பயிற்சி' பெற வந்தவர்களல்லவா?

1964 டிசெம்பரில் ஜனாதிபதி பார்க் ரூர்ப் பகுதிக்கு விஜயஞ் செய்தார். ஹம்போர்ன் சுரங்கத்தில் கூடிய தொழிலாளர் முன்னே உரையைத் தொடர முடியாது அவர் அழுததாகவும் கூட்டம் முழுவதும் அழுததாகவும் கொரியப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அக்கண்ணீர் பொய்யென்று நாம் கூறவில்லை. ஆயினும் அதே அரசு இதே தொழிலாளருக்கும் மாணவருக்கும் மூன்று ஆண்டுகளில் என்ன செய்தது என்பதைப் பின்னர் காண்போம்.

தாதிமாரின் வருகை சற்று வேறு வழியில் நிகழ்ந்தது. கிறிஸ்தவ சபைகளின் மூலம் சிறு தொகையினர் முன்னரே சென்றிருந்தனர். 1966 ஜனவரியில் 128 தாதிமார் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது பெருந்தொகையான வருகை ஆரம்பமாயிற்று. மைன்ஸ் நகரில் பணிபுரிந்த கொரியக் குழந்தை வைத்தியரான லீ சூ கில் இதற்கு முன்னின்று உழைத்தார். 1976 வரையில் 10,000 பேருக்கு மேல் சென்றனர். வைத்தியசாலைகளில் முன்பு துறவறச் சகோதரிகள் செய்துவந்த பணிக்கு இப்போது ஆளில்லை. இரவும் பகலும் உழைத்துச் சொற்ப வேதனம் பெறும் தொழிலை ஜேர்மன் பெண்களும் நாடவில்லை.

கொரியாவில் பயிற்றப்பட்ட தாதியின் வேலை மருந்து கொடுத்தல், ஊசி போடுதல், வைத்தியருக்கு உதவுதல் என்பன. நோயாளியைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் அங்கே குடும்பத்தாரின் வேலை. ஜேர்மன் வைத்தியசாலையிலோ மலசலப் பாத்திரம் கழுவுவது முதல் இறந்தவரின் உடலைக் கழுவுவது வரை யாவும் தாதியின் கடமை. மொழி தெரியாத முதல் மாதங்களில் பட்டயம் பெற்றவர்களும் இவ்வேலைகளுக்கே விடப்பட்டனர். உதவித் தாதியராகச் சென்ற இளம் பெண்களும் பலர். இருபது வயதுப் பெண் ஒருத்தி, பெயர் உச்சரிக்க வராத ஊரில், முதன்முதலாகத் தொட்ட ஜேர்மானியர் ஒரு பிணமாக இருந்திருக்கக்கூடும். 'புன்னகைக்கும் தேவதைகள்' என்று பத்திரிகைகள் அவர்களைப் புகழ்ந்தன. மொழி தெரியாதவள் வேறென்ன செய்வாள், புன்னகைத்தாள்.

சுரங்கத்தாரும் தாதியரும் அனுப்பிய பணம் 1965 முதல் 1975 வரையில் 10 கோடி டொலரைத் தாண்டியது. தம்பியின் பல்கலைக்கழகக் கட்டணமும் தந்தையின் வயலும் தங்கையின் சீதனமும் அதிலிருந்தே வந்தன. இதனைப் பொருளாதார நூல்கள் விரிவாகக் கூறும். நாம் மற்றதைக் கவனிப்போம். அனுப்பியது போக எஞ்சிய நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்?

பலர் படித்தார்கள். இரவுக் கடமை முடித்துக் காலையில் மொழி வகுப்புக்குச் சென்றார்கள். 1970இல் உதவித் தாதியாக ஹம்பேர்க் வந்த நோ உன் நிம், ஓய்வு வேளைகளிற் படம் வரைந்தார். அவர் நோயுற்றுக் கிடந்தபோது பார்க்கவந்த மேலதிகாரி அப்படங்களைக் கண்டார். வைத்தியசாலையிலேயே கண்காட்சி நடந்தது. 1973இல் ஹம்பேர்க் கலைக் கல்லூரியில் இடங் கிடைத்தது. 1990இல் அந்நகரிலேயே பேராசிரியரானார். 2022இல் மறையும்போது அவர் உலகறிந்த ஓவியர். 1972இல் அதே வழியில் வந்த சோங் ஹியுன் சூக்கும் அதே கல்லூரியிற் பயின்று புகழ்பெற்றார். 1964இல் ஆக்கன் நகருக்கு அண்மையிலுள்ள சுரங்கத்திற்கு வந்த குவொன் யீ ஜோங், ஒப்பந்தம் முடிந்தபின் ஆக்கனில் கல்வியியல் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றுக் கொரியாவிற் பேராசிரியரானார்.

இத்தகைய வெற்றிக் கதைகளை ஆட்சியாளர் விரும்பிக் கூறுவர். திறமையுள்ளவன் எப்படியும் முன்னேறுவான் என்ற பழைய பாட்டுக்கு இவை பக்கவாத்தியம். ஆனால் சட்டத்தின் கணக்கைப் பார்த்தால் நிலைமை வேறு. தொழிலாளியின் வதிவிட அனுமதி அவனது வேலை அனுமதியோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலையை விட்டுப் படிக்கச் சென்றால் அவன் நாட்டிலிருக்கும் காரணமே மறைந்துவிடும். மாணவனாகப் பதிந்தால் வேறோர் அனுமதி கிடைக்கலாம். அதுவும் படிப்பு முடியும் வரைக்குமே. முடிந்ததும் ஊர் திரும்புவான் என்ற எதிர்பார்ப்பு அதில் எழுதாமலே எழுதப்பட்டிருந்தது. கொரிய உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் மட்டும் ஜேர்மன் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்கப் போதாது. ஆயத்த வகுப்புகளுக்கும் காலம் வேண்டும், பணமும் வேண்டும். மூன்று வருடம் முடிந்த சுரங்கத் தொழிலாளிக்கு எஞ்சிய வழிகள் சில: ஊர் திரும்புதல், அமெரிக்கா அல்லது கனடா செல்லுதல், கொரியத் தாதி ஒருத்தியை மணந்து அவளது அனுமதியில் ஒதுங்குதல், இல்லையேல் மாணவனாதல். இவற்றுள் மாணவனான சிலரையே நாம் மேலே பெயர் கூறினோம்.

1965ஆம் ஆண்டின் அந்நியர் சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. சமஷ்டிக் குடியரசின் நலன்களுக்கு ஊறு நேராதாயின் அந்நியருக்கு வதிவிட அனுமதி வழங்கலாம் என்பது அது. வழங்க வேண்டும் என்றில்லை, வழங்கலாம். நலன் எது, ஊறு எது என்பதை மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தர் தீர்மானிப்பார். ஆட்பஞ்சம் உள்ள வருடத்தில் தாதியின் கை நாட்டின் நலன். ஆட்பஞ்சம் தீர்ந்த வருடத்தில் அதே கை ஊறு.

படிக்கச் சென்றவர்களுக்குச் சொந்த நாட்டு அரசினாலும் ஆபத்து வந்தது. 1967 ஜூனில் தென்கொரிய உளவுப்பிரிவினர் மேற்கு ஜேர்மனியிலிருந்து 17 பேரைக் கடத்திச் சென்றனர். மாணவர், அறிஞர், சுரங்கத் தொழிலாளர் எனப் பலதரப்பட்டோர் அவர்களுள் இருந்தனர். கிழக்கு பேர்லினிலுள்ள வடகொரியத் தூதரகத்தோடு தொடர்புவைத்து உளவு பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இசையமைப்பாளர் இசாங் யுன் சித்திரவதை செய்யப்பட்டு ஆயுட்கால தண்டனை பெற்றார். மேற்கு ஜேர்மனி கண்டித்தது, உலகக் கலைஞர்கள் குரலெழுப்பினர். 1969இல் விடுதலையாகி மேற்கு பேர்லினுக்குத் திரும்பிய அவர் 1971இல் அந்நாட்டுப் பிரசையானார். 2006இல் கொரியாவின் விசாரணைக் குழுவொன்று, அவ்வழக்கு மிகைப்படுத்தப்பட்டதென ஏற்று அரசாங்கம் மன்னிப்புக் கோர வேண்டுமெனப் பரிந்துரைத்தது. யுன் 1995இலேயே இறந்துவிட்டார். தாதியர் விடுதிகளில் இச்சம்பவம் விதைத்த அச்சத்தை நாம் ஊகிக்கலாம். கூட்டம் கூடினால், ஒரு கடதாசியிற் கையொப்பமிட்டால், ஊரிலுள்ள தாய்தந்தையர் வீட்டில் எவர் வந்து கதவைத் தட்டுவார்?

இந்த அச்சத்தை மீறியே 1977 நிகழ்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1973 நவம்பர் 23ஆந் திகதி மேற்கு ஜேர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை நிறுத்தியது. எண்ணெய் விலையேற்றமும் வேலையின்மையும் தலைகாட்டின. சில ஆண்டுகளில் ஜேர்மன் தாதியரும் வேலை தேடலாயினர். உடனே, குறிப்பாகத் தென் மாநிலங்களில், கொரியத் தாதியரின் ஒப்பந்தங்கள் நீடிக்கப்படவில்லை. ஐந்து, ஏழு வருடம் இரவுபகலாக உழைத்தவர்களின் கையில் நாட்டை விட்டு வெளியேறுமாறு கடிதம் கொடுக்கப்பட்டது. புன்னகைக்கும் தேவதைகள் ஒரே நாளில் காலாவதியாயினர்.

தாதியர் இம்முறை புன்னகைக்கவில்லை. நகரந்தோறும் இருந்த கொரியப் பெண்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொண்டனர். 1977இல் கையொப்ப இயக்கம் தொடங்கினர். வைத்தியசாலை வாயில்களிலும் தேவாலயங்களிலும் தெருக்களிலும் நின்று 10,000இற்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சேர்த்தனர். தொழிற்சங்கத்தினரும் பாதிரிமாரும் சக தாதியரும் நோயாளிகளுங்கூட ஒப்பமிட்டனர். அவர்கள் விடுத்த கூற்றின் சாரம் இது: உங்கள் வைத்தியசாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதால் வந்தோம், உங்களுக்கு உதவினோம், நாங்கள் விற்பனைப் பண்டமல்லோம், எப்போது திரும்புவதென்பதை நாங்களே தீர்மானிப்போம். இதிற் கெஞ்சுதல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலர் தாம் தொடங்கிய படிப்பை முடிக்க வேண்டுமென்றனர். வேறு சிலர் இங்கே பிறந்த பிள்ளைகளைக் காட்டினர். சிலரோ எந்தக் காரணமும் காட்ட மறுத்தனர். தங்க விரும்புவதற்கு விளக்கம் கொடுக்கும்படி ஜேர்மானியனை எவரும் கேட்பதில்லையே.

1978இல் அவர்கள் வென்றனர். ஐந்து வருடம் உழைத்தவருக்குக் கால வரையறையற்ற வதிவிட அனுமதியும், எட்டு வருடத்தின் பின் உறுதியான வதிவிட உரிமையும் கிடைத்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த விதிகள் பிற நாட்டுத் தொழிலாளருக்கும் இதே ஐந்து, எட்டு என்ற படிகளை வகுத்தன. எளிய முறையிலேனும் ஜேர்மன் மொழி பேசத் தெரிய வேண்டும், போதிய வீட்டு வசதி இருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். கொரியப் பெண்களால் மட்டுமே இவ்விதிகள் வந்தன என்று கூறின் அது மிகை. துருக்கியரும் இத்தாலியரும் சங்கங்களும் நீண்ட காலம் போராடியிருந்தனர். ஆனால் ஆளைச் சுழற்றி அனுப்பும் கொள்கை, மிகவும் பணிவானவர்கள் என்று எண்ணப்பட்டவர்களாலேயே பகிரங்கமாக மறுக்கப்பட்டது முக்கியமானது. அதே 1978இல் அவர்கள் கொரியப் பெண்கள் குழு என்னும் அமைப்பை நிறுவினர். ஒரு விசாவின் திகதியிற் பிறந்த அவ்வமைப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் இராணுவம் மக்களைச் சுட்டபோது ஜேர்மன் நகரங்களில் சுரங்கத்தாரும் தாதியரும் ஊர்வலம் சென்றனர். 1987இல், கொரியாவின் இரி நகரில் ஜேர்மன் கம்பனிக்கு உடை தைத்த பெண்கள் கூலியுயர்வு கேட்டபோது அவர்களுக்காக ஜேர்மனியில் குரல் கொடுத்ததும் இப்பெண்களே. படிப்பு என்று சொல்லும்போது பல்கலைக்கழகப் பட்டத்தை மட்டும் நினைப்பது வழக்கம். கொரியாவில் அன்று கற்க முடியாத ஒன்றை, அமைப்பாகச் சேரும் வித்தையை, இவர்கள் அங்கே கற்றனர்.

மதிலுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் நேர்மையுள்ளோர் கூறியாக வேண்டும். சோஷலிசம் பேசிய கிழக்கு ஜேர்மனி 1980இல் வியட்நாமுடன் ஒப்பந்தஞ் செய்து, 1989 அளவில் 60,000 பேரளவிலான தொழிலாளரை வைத்திருந்தது. அங்கும் நட்புறவு, பயிற்சி என்ற சொற்களே வழங்கின. விடுதிகள் தனியானவை. கர்ப்பமுற்ற பெண் கருவைக் கலைக்க வேண்டும், அல்லது நாடு திரும்ப வேண்டும் என்ற நிலை 1980களின் இறுதிவரை இருந்தது. 1990இல் ஆலைகள் மூடப்பட்டதும் 3,000 மார்க்கும் விமானச் சீட்டும் கொடுத்து அனுப்பினர். தங்கியோர்க்கு 1993இலேயே வரையறுத்த ஓர் உரிமை கிட்டியது. சகோதரத்துவம் பேசிய அரசு தொழிலாளியின் கருப்பையை ஒப்பந்தத்துக்குள் அடக்கியது பற்றி முற்போக்காளர் மௌனம் சாதிப்பது தகாது.

இனிக் கொரியாவுக்கே திரும்புவோம். ஆளனுப்பிய நாடு 1990களில் ஆளெடுக்கும் நாடாயிற்று. 1993இல் அது கைத்தொழிற் பயிலுநர் முறையை ஏற்படுத்தியது. நேபாளம், பங்களாதேஷ், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் தொழிலாளரல்லர், பயிலுநர். ஆகவே தொழிற் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு முழுமையாக இல்லை. 1963இல் ரூர்ச் சுரங்கத்துக்கு எழுதப்பட்ட சொல் முப்பதாண்டின் பின் சியோலில் மறுபடியும் எழுதப்பட்டது. 1995 ஜனவரியில் நேபாளத் தொழிலாளர் சிலர் தம் உடலைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு சியோல் மியோங்டொங் பேராலயத்தின் முன் அமர்ந்து, தாம் அடிமைகளல்லர் என்று முழங்கினர். அப்போராட்டமும் அதன் தொடர்ச்சியும் பயிலுநர் முறையை ஆட்டங்காணச் செய்தன. 2004 ஆகஸ்டில் தொழில் அனுமதி முறை வந்தது. 2007இல் பயிலுநர் முறை முற்றாக ஒழிந்தது.

புதிய முறையில் ஆரம்பத்திலேயே சேர்ந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அன்றிலிருந்து நமது இளைஞர்கள் கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தெரிவாகி அந்நாட்டு ஆலைகளுக்கும் மீன்பிடித் துறைக்கும் செல்கின்றனர். தொழிலாளி என்ற பெயரும் சட்டப் பாதுகாப்பும் அவர்களுக்கு உண்டு. இது முன்னேற்றமே. ஆயின் வேலை மாறுவதற்குக் கடும் வரம்பு உண்டு, குடும்பத்தை அழைக்க இடமில்லை. கால எல்லையிலும் ஒரு நுட்பம் உண்டு. குடியுரிமை கோர ஐந்தாண்டு தொடர்ந்து வதிந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட எல்லை நான்கு வருடமும் பத்து மாதமும்! இரண்டு மாதம் குறைத்து வெட்டியவர்கள் 1978இல் ஜேர்மனி கொடுத்த ஐந்து வருடத்தின் பொருளை அறியாதவர்களல்லர். அத்தாதியரின் நாட்டினரே அவர்கள்.

2017இலிருந்து ஒரு சிறு வாயில் திறந்தது. பல வருடம் உழைத்தவர் தம் வருமானம், தொழிற்றிறன், மொழிப் பரீட்சைப் பெறுபேறு முதலியவற்றுக்குப் புள்ளிகள் பெற்றுத் தேர்ச்சியுள்ள தொழிலாளர் என்ற அந்தஸ்துக்கு மாறலாம். அந்தஸ்து மாறினால் நீடித்துத் தங்கலாம், மனைவி மக்களையும் அழைக்கலாம். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து ஞாயிற்றுக்கிழமை மொழி வகுப்பில் அமரும் இலங்கையனுக்கும் வியட்நாமியனுக்கும் படிப்பு இப்போது விசாவின் பெறுமதியாகிவிட்டது. ஹம்பேர்க்கில் இரவுக் கடமை முடித்து வகுப்புக்குச் சென்ற கொரியப் பெண்ணின் நாற்காலியிலேயே அவனும் அமர்ந்திருக்கிறான்.

அந்த வாயிலுக்குள் புகாதவர்களுக்கு மற்றொரு வழி 2012இல் வகுக்கப்பட்டது. இடம் மாறாது ஒரே முதலாளியிடம் நான்கு வருடம் பத்து மாதம் உழைத்தவர், முதலாளி விரும்பினால் மீண்டும் அழைக்கப்படலாம். ஆனால் இடையில் நாட்டைவிட்டு மூன்று மாதம் வெளியேறியிருக்க வேண்டும். 2021இல் அம்மூன்று மாதம் ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. ஊருக்கு வந்து, வீட்டுக் கூரையைத் திருத்தி, தன்னை மறந்துபோன பிள்ளையோடு சற்றுப் பழகி, அவன் திரும்பவும் விமானமேறுவான். அங்கே தொடர்ந்து வதிந்த நாட்களின் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பமாகும்.